வாத்து நொண்டினால் முதலில் உள்ளங்காலைப் பாருங்கள்



போன மாதம் நடந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் எல்லாம் எழுதி முடித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். கடைசி வரிசையில் இருந்த ஒரு உறுப்பினர் எழுந்து நின்றார். "எங்க வாத்து நாலு நாளா நொண்டுது. கறிக்காரர்கிட்ட குடுத்துடலாம்னு வீட்டுல சொல்றாங்க. அது என் பொண்ணு வளத்த வாத்து, அவ அழுவுறா. என்ன பண்றதுன்னே தெரியல" என்றார். சிலர் சிரித்தார்கள். வாத்துக்கெல்லாம் கூட்டத்தில் பேச்சா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் "வேற யார் வீட்டுல வாத்து நொண்டுது?" என்று கேட்டபோது ஏழு கைகள் எழுந்தன. சிரித்தவர்களில் இருவரும் கை தூக்கினார்கள்!

அதனால்தான் இந்த மாதப் பாடம் வாத்தின் பாதத்தைப் பற்றியது.

நம் உறுப்பினர்கள் பலர் உள்கடன் வாங்கி ஐந்து வாத்து, பத்து வாத்து என்று வீட்டோடு வளர்க்கிறோம். அறுப்பு முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்து ஓட்டி வருகிறவர்களிடம் வாங்கிய ஆரணி, கீரி, சன்யாசி வகைகள் சில வீட்டில் உண்டு. காக்கி கேம்பல் சில வீட்டில். மணிலா வாத்தும் உண்டு. ஐந்து வாத்து வைத்திருப்பவருக்கு ஒரு வாத்து படுத்துக்கொண்டால் முட்டையில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. முட்டைக் காசில்தான் சேமிப்பும் தவணையும் கட்டுகிறோம். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்க்கிற வாத்து என்றால் கணக்கு பணத்தோடு முடிவதும் இல்லை.

நாங்கள் செய்த தவறு

மற்றதைச் சொல்வதற்கு முன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒருவரின் வாத்துக்கு உள்ளங்காலில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. நடுவில் கறுப்பாகப் பொருக்கு. மனிதருக்குக் கட்டி பழுத்தால் கீறிச் சீழ் எடுப்பதில்லையா, அப்படித்தானே இதுவும் என்று நினைத்தோம். புது பிளேடு வாங்கி, நெருப்பில் காட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் கீறினோம். ரத்தம் வந்ததே தவிர சீழ் வரவில்லை. அழுத்திப் பிதுக்கினோம். அப்போதும் வரவில்லை. மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டு, மறுநாள் அதை வழக்கம்போலக் குளத்துக்கு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கணுக்கால் மூட்டு வரை வீங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் செத்துப்போனது.

பிறகு கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. பறவைகளுக்கு வரும் சீழ் மனிதருக்கு வருவது போல ஓடாது. அதன் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்குச் சீழை இளக்கும் சக்தி இல்லை. ஆகவே உள்ளே அது வேகவைத்த மஞ்சள்கரு மாதிரி கெட்டியாக உறைந்துவிடும். பிதுக்கினால் வெளியே வராது, இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். பக்கத்திலேயே நரம்பும் எலும்பும் இருக்கின்றன. நாங்கள் கிருமிக்கு வழி வெட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இது என்ன நோய்?

டாக்டர்கள் இதைப் 'பம்பிள்ஃபுட்' என்பார்கள். நாம் பாதக்கட்டி என்றே சொல்லலாம். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியால் வருகிறது. இந்தக் கிருமி எங்கேயோ வெளியிலிருந்து வருவதல்ல. மண்ணிலும், கொட்டிலிலும், ஏன் நம் தோலிலும் மூக்கிலும்கூட இருக்கிறது. தோல் நன்றாக இருக்கும்வரை உள்ளே நுழையாது. சின்னக் கீறல் கிடைத்தால் போதும், நுழைந்துவிடும்.

கீறல் எப்படி வருகிறது என்று அந்த ஏழு வீட்டுக்கும் போய்ப் பார்த்தோம். மூன்று வீட்டில் வேலியோரம் சீமைக் கருவேல முள். ஒரு வீட்டில் மிஷின் அறுத்த வயலின் தாள்கட்டை, அது ஈட்டி மாதிரி நிற்கிறது. ஒரு வீட்டில் வாய்க்கால் கரையில் யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டு. (இதற்கு வாத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராம சபையில்தான் பேச வேண்டும்.) மீதி இரண்டு வீட்டிலும் முள்ளும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒன்றில் சொரசொரப்பான சிமெண்டுத் தரை, அதன்மேல் வைக்கோல்கூட இல்லை. மற்றொன்றில் வைக்கோல் இருந்தது, ஆனால் மிதித்தால் தண்ணீர் வந்தது. எச்சமும் தண்ணீரும் கலந்து ஊறிய கூளத்தில் இரவெல்லாம் நின்றால் உள்ளங்கால் தோல் வெளுத்து இளகிவிடும். நாள் முழுதும் துணி துவைத்தால் நம் விரல் என்ன ஆகிறது? அதே கதைதான். இளகிய தோல் சின்ன உராய்வுக்கே கிழிந்துவிடும்.

வாத்தின் எடையும் ஒரு காரணம். நாட்டு வாத்து ஒன்றரை கிலோ இருக்கும். கறிக்கு வளர்க்கும் வெள்ளை பீக்கின் ஆறேழு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவு பாரத்தையும் அந்தச் சின்னப் பாதம்தான் தாங்க வேண்டும். வெறும் நொய்யும் சோறும் போட்டுக் கொழுக்க வைத்த வாத்துக்குப் பாதக்கட்டி சீக்கிரம் வருகிறது. பச்சையே காணாத வாத்துக்கும் அப்படித்தான். வைட்டமின் ஏ சத்துக் குறைந்தால் பாதத்தோல் தடித்து வெடிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வாத்து ஒற்றைக் காலில் நின்றால் உடனே பயப்பட வேண்டாம். ஓய்வெடுக்கும்போது ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பது அதன் வழக்கம். நடக்க விட்டுப் பாருங்கள். காலையில் கொட்டிலைத் திறந்ததும் கூட்டத்தில் கடைசியாக வருவது எது, தீனிக்கு ஓடாமல் உட்கார்ந்தே இருப்பது எது என்று கவனியுங்கள். அதைப் பிடித்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

பிடிக்கும்போது ஒன்று முக்கியம். கோழியைப் பிடிப்பது போல வாத்தின் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாத்தின் கால் பலமில்லாதது, மூட்டு நழுவிவிடும். பாதக்கட்டி என்று எங்களிடம் கொண்டு வந்த வாத்துகளில் சில, காலைப் பிடித்துத் தொங்கவிட்டதாலேயே நொண்டியவை. இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்குங்கள். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, துண்டின் நுனியால் கண்ணை லேசாக மூடினால் அடங்கிவிடும். மூக்குத் துளையை மூடிவிடாதீர்கள்.

இனி பாதத்தைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். தோல் சிவந்து, கால் ஆணி மாதிரி தடித்து மட்டும் இருந்தால் ஆரம்ப நிலை. புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக, உப்பலாக, நடுவில் கறுப்புப் பொருக்கோடு இருந்தால் கிருமி உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். விரல்களும் கணுக்கால் மூட்டும் வீங்கி, காலை ஊன்றவே முடியாமல், தீனியும் எடுக்காமல் இருந்தால் அது முற்றிய நிலை. முதல் நிலையை வீட்டிலேயே குணப்படுத்தலாம். இரண்டாவதில் கட்டி சின்னதாக இருந்தால் சில நாள் முயன்று பார்க்கலாம். மூன்றாவதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

முள்ளோ கண்ணாடியோ நுனி வெளியே தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள். உள்ளே ஒடிந்து கிடந்தால் ஊசியால் தோண்ட வேண்டாம்.

வீட்டில் செய்யும் வைத்தியம்

வாத்துகள் பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிட்டுவிடும். ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே வைத்தியத்தை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் முட்டையோடு இருக்கும்போது பிடித்து அமுக்கினால் முட்டை உள்ளேயே உடைந்துபோக வாய்ப்புண்டு.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் புண் இருந்தால் கையுறையோ சுத்தமான பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி நம் புண்ணிலும் ஏறும்.

கொதித்து ஆறிய நீரைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் ஒரு அகன்ற பாத்திரத்தில் எடுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், இதற்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு போதும். சில கடைகளில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். பெயரே சொல்கிறதே, அந்தத் தண்ணீரை வாத்து குடித்தால் கழிச்சல் எடுக்கும். அலகு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டு டீஸ்பூன் கல் உப்பு போடலாம். வாத்தை மடியில் அணைத்தபடி, பாதம் மட்டும் மூழ்கும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். வாத்துக்கு இது பிடித்துவிடும். இரண்டாம் நாளே பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

ஊறியதும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பொருக்கு தானாக இளகி வந்தால் வரட்டும். வராவிட்டால் பிய்க்காதீர்கள்.

அடுத்து பொவிடோன் அயோடின். மருந்துக் கடையில் பழுப்பு நிறத்தில் விற்கும், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் அதே மருந்துதான். அப்படியே ஊற்றாமல், ஆறிய நீரில் கலந்து பால் ஊற்றாத லேசான டீத்தண்ணி நிறத்துக்குக் கொண்டு வந்து, அதனால் கழுவுங்கள். காய்ந்த பிறகு அதே பொவிடோன் அயோடின் களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். அதிகம் அப்பினால் இறகில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் களிம்பும் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது, வாத்து நனைந்து குளிரில் நடுங்கும்.

கட்டுப் போடுவதில்தான் வித்தியாசம் இருக்கிறது. கோழிக்கு விரல் இடுக்கில் துணியை விட்டுச் சுற்றிவிடலாம். வாத்துக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு இருப்பதால் அப்படி முடியாது. நாங்கள் பலமுறை கட்டி, அவிழ்ந்து, கடைசியில் கண்டுகொண்ட முறையைச் சொல்கிறோம். புண்ணின் மேல் நாலாக மடித்த காஸ் துணியை வையுங்கள். இரண்டு விரல் அகலமுள்ள காஸ் நாடாவை உள்ளங்காலுக்கு அடியிலிருந்து சவ்வின் மேலாகக் கொண்டு வந்து, பின்விரலுக்கு மேலே காலைச் சுற்றி, மறுபடி உள்ளங்காலுக்குக் கொண்டு போங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. பின்விரல் வெளியே இருக்கட்டும். முன்விரல்களைக் குவித்து இறுக்கிவிடாமல், வாத்து தரையில் நிற்கும்போது எப்படி விரிந்திருக்குமோ அப்படியே வைத்துக் கட்டுங்கள். அதன் மேல் துவைத்து வெயிலில் காய்ந்த பழைய கைக்குழந்தைக் காலுறை ஒன்றை மாட்டி, மேலே துணிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். ரப்பர் பேண்டும் நூலும் கூடவே கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். பிளாஸ்டிக் பையைச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் புண் ஊறும்.

ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டோ வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துக் கட்டுங்கள்.

காலையும் மாலையும் ஊற வைத்து, ஒவ்வொரு முறையும் புதுக் கட்டுப் போட வேண்டும். கட்டு நனைந்தால் நேரம் பார்க்காமல் மாற்றுங்கள். நனைந்த கட்டு, கட்டே இல்லாததைவிடக் கெடுதல். எடுத்த காஸை எரித்துவிடுங்கள், ஊற வைத்த நீரை வாத்து மேயாத இடத்தில் குழியில் ஊற்றுங்கள்.

புண் ஆறும்வரை குளத்துக்கும் வயலுக்கும் விட வேண்டாம். காய்ந்த வைக்கோலோ உமியோ மூன்று நான்கு அங்குலம் பரப்பிய இடத்தில் தனியாக வையுங்கள். ஆனால் வாத்துக்கு மூக்கும் கண்ணும் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் பீளை கட்டும். அதனால் தலை மட்டும் நுழையும் சின்ன வாளியில் ஐந்தாறு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தலை போகும், கால் போகாது. வாத்து தனிமை தாங்காத ஜீவன். தனியாகப் பூட்டினால் தீனி எடுக்காது. மற்ற வாத்துகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு மூங்கில் தட்டி மறைப்பு போதும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மேலோட்டமான சிராய்ப்புக்குக் கழுவித் துடைத்தபின் தடவலாம், தப்பில்லை, நாங்களும் தடவுகிறோம். ஆனால் உள்ளே உறைந்த கட்டிக்கு அது எட்டாது. மஞ்சள் போட்டிருக்கிறோமே என்று பத்து நாள் காத்திருந்தால் அந்தப் பத்து நாளும் கிருமிக்குத்தான் லாபம்.

இதெல்லாம் வேண்டாம்

சுண்ணாம்பு வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, பேட்டரிக் கரி, சாணி அப்புவது, சூடு போடுவது, இதெல்லாம் நம் பக்கத்தில் இன்னமும் நடக்கிறது. ஒன்றும் வேண்டாம். மயில்துத்தக் கரைசல் சிலர் வைப்பார்கள். அலகால் கோதும்போது உள்ளே போனால் விஷம்.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அளவு தெரியாமல் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு அதே கிருமி நம் பிள்ளை காலில் ஏறினால் அந்த மருந்து கேட்காது. டாக்டர் எழுதிக் கொடுத்து ஆன்டிபயாடிக் போடுகிறீர்கள் என்றால், "எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது, சாப்பிடக் கூடாது?" என்று கட்டாயம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து முட்டையிலும் இறங்கும். அந்த நாட்களில் வரும் முட்டையைப் புதைத்துவிடுவது நஷ்டம்தான், ஆனால் நம் முட்டையை நம்பி வாங்குகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது அது.

நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையையும் பறவைக்குக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக் மருந்து போட்ட மாடுகளின் செத்த உடலைத் தின்று பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால்தான், 2006ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளும் பறவைக்கு ஆகாது. மருந்துக் கடையில் வாங்கும்போது வெறும் பொவிடோன் அயோடின் களிம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் எப்போது?

மூன்று நான்கு நாள் ஒழுங்காக ஊற வைத்துக் கட்டியும் வீக்கமும் சூடும் குறையவில்லை என்றால் மேலும் காத்திருக்காதீர்கள். டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பொருக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டியை வேரோடு எடுப்பார். அதற்கு அப்புறம் இரண்டு மூன்று வாரம் கட்டு மாற்றுவது நம் வேலை. "அட, வாத்துக்குப் போய் டாக்டரா?" என்று வழியில் கேட்பார்கள். கேட்கட்டும். கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும் இல்லை. வண்டி வசதி இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வாத்து நொண்டினாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, கழுத்துத் துவண்டாலோ, திடீரென்று செத்தாலோ, அது பாதக்கட்டி இல்லை. வாத்து பிளேக், காலரா, பறவைக் காய்ச்சல், குளத்தில் அழுகிய மீனும் பிணமும் தின்றதால் ஏறிய நஞ்சு என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்காதீர்கள். செத்ததை அறுக்கவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம், பிள்ளைகளைக் கிட்டே விடவும் வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

கறிக்காரரிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் வருகிறோம். எலும்புவரை கிருமி போய்விட்டது, பிழைக்காது என்று டாக்டரே சொன்னால், அதை மேலும் வதைக்காமல் என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் சீழ் பிடித்த வாத்தையோ, மருந்து ஏறிய வாத்தையோ யார் வீட்டுச் சட்டிக்கும் அனுப்பக் கூடாது. வாங்குகிறவருக்குத் தெரியாதே என்பது ஒரு பதில் இல்லை.

மறுபடி வராமல் இருக்க

கொட்டிலில் ஈரம்தான் முதல் எதிரி. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொட்டிலுக்குள் வைக்காமல் வெளியே, மணல் கொட்டிய இடத்தில் வையுங்கள். வாத்து குடிப்பதைவிடச் சிந்துவதுதான் அதிகம், மணல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் ஒரு வாத்துக்கு மூன்று சதுர அடியாவது இடம் வேண்டும். கூளத்தைத் தினம் ஒரு தடவை கிளறி, நனைந்த பாகத்தை அள்ளி எருக்குழியில் போடுங்கள். உங்கள் புறங்கையைக் கூளத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கை ஈரமானால் மாற்ற வேண்டிய நேரம். சிமெண்டுத் தரை என்றால் அதை உடைக்க வேண்டியதில்லை, மேலே கனமாக உமி பரப்பினால் போதும். கம்பி வலைத் தரை மட்டும் வேண்டாம்.

வாத்து போய் வரும் வழியை வாரம் ஒரு தடவை துடைப்பத்தோடு நடந்து பாருங்கள். முள், ஆணி, பாட்டில் துண்டு எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும், அதன் காலுக்குத் தெரியாது.

தீனியில் தினமும் கொஞ்சம் பச்சை இருக்கட்டும். முருங்கைக் கீரை, அசோலா, பழுத்த பப்பாளி, எது கிடைக்கிறதோ அது. கடலைப் பிண்ணாக்கோ மக்காச்சோளமோ பூஞ்சணம் பிடித்திருந்தால் மாட்டுக்கும் வேண்டாம், வாத்துக்கு நிச்சயமாக வேண்டாம். அந்தப் பூஞ்சண நஞ்சு கோழியைவிட வாத்தைச் சீக்கிரம் கொல்லும்.

சரி, கூட்டத்தில் எழுந்து கேட்டாரே அந்த உறுப்பினரின் வாத்து என்ன ஆனது என்று கேட்பீர்கள். கறுப்பி என்று அதற்குப் பெயர். மறுநாளே போய்ப் பார்த்தோம். இடது பாதத்தில் சுண்டைக்காய் அளவு வீக்கம், பொருக்கு சின்னதுதான். அந்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் அவளே மடியில் வைத்து ஊற வைத்தாள், காலையில் அம்மா. நோட்டில் தேதி போட்டு, வீக்கம் எவ்வளவு, தீனி எடுத்ததா என்று எழுதி வைத்தாள். நாலாம் நாள் சூடு குறைந்தது. எட்டாம் நாள் பொருக்கு தானாக விழுந்து அடியில் புதுத்தோல் தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் குளத்துக்கு விடாமல் வைத்திருந்தார்கள். இடையில் முட்டை நின்றிருந்தது, இப்போது மறுபடி இடுகிறது. அந்த ஏழு வாத்தில் ஐந்து வீட்டிலேயே குணமாகின. ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோய் கட்டியை எடுத்தோம், இன்னும் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று, பாட்டில் துண்டு குத்திய வாத்து, பிழைக்கவில்லை. கொண்டுபோகத் தாமதமாகிவிட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் எல்லா மருந்தும் வாங்கி வைக்க முடியாது. அதனால் பொவிடோன் அயோடின் பாட்டில், களிம்பு, காஸ் சுருள், துணிப் பிளாஸ்திரி, எப்சம் உப்பு எல்லாம் போட்டு ஒரு பெட்டியைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் பெட்டியோடு இருக்கும் நோட்டில் குழுப் பெயர், தேதி, என்ன எடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாத்தைக் காட்ட வருகிறவர்கள் செவ்வாய், வெள்ளி மாலையில் கூடையில் வைத்துக் கொண்டு வாருங்கள். காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.